சந்தை ரோட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தக் கம்பியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆனால் கழுத்து தானாக மேலே போகிறது. மூன்றாம் வகுப்புக் கூரையில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. விழுந்தது போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகள் எல்லாம் வெளியே பிரேயரில் நின்ற நேரம். ஐந்து நிமிஷம் முன்னால் பிரேயர் முடிந்திருந்தால். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்றுவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும், கம்பி, திங்கட்கிழமை, பிரேயர், ஐந்து நிமிஷம். காரை விழுந்த பெஞ்சு என் மகள் தனு உட்கார்கிற பெஞ்சு. அதில்தான் இப்போது நான் இருக்கிறேன். பலகையில் அவள் பென்சிலால் வரைந்த மீன் இருக்கிறது, அதன் வாலுக்குப் பக்கத்தில் மரம் குழிந்திருக்கிறது. விரலை வைத்தால் நுனி உள்ளே போகிறது. எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்பைப் பக்கத்து அறையில் நாலாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள், இந்த அறை பூட்டித்தான் கிடந்தது. இன்றைக்குப் புதுக் கட்டட விஷயமாக வருகிற இன்ஜினியர் சார் கண்ணால் பார்க்கட்டும் என்று தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் கூட்டத்தை இங்கே போட்டுவிட்டார். வெளியே தூறல். கூரைக்குள் எங்கோ தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கிறது, இல்லை, அது என் காதுக்குள்ளேயே இருக்கிற சத்தமாகவும் இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஆறாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள். அத்தனை குரலிலும் தனு குரல் எனக்குத் தனியாகக் கேட்கும், ஆறேழு நாற்பத்திரண்டில் மட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் பிந்துவாள். பிந்தினாள். சரி, இருக்கிறாள்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை, பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் பொம்பளைகள், ரெண்டு பேர் மடியில் கைப்பிள்ளை. எனக்குப் பின்னால் நாகஜோதி அக்கா, தெருமுக்கில் இட்லிக் கடை வைத்திருக்கிறவர். "தலைவி சரியா ஓட்டைக்குக் கீழ உக்காந்திருக்கா பாரு. விழுந்தா மொத அடி அவளுக்கு" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி உதட்டை வைத்துக்கொண்டேன், எழுந்து வேறு இடம் போயிருக்கலாம், போனால் எல்லாரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு பிள்ளையின் அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்று விதி. நியாயமாக நாகஜோதி அக்காதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஒரு நாள் சத்துணவு முட்டை சின்னதாக இருக்கிறதென்று முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்கே போனவர். அந்த முட்டைக்குப் பிறகு எச்செம் எஸ்தர் டீச்சருடைய கண் என்மேல் விழுந்தது. "செல்வி, நீ இருந்துக்க. ஒண்ணும் பேச வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றார். பேச வேண்டாம் என்றதும் சரி என்றுவிட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ரேஷன் கடையில் என் முறை வந்தாலும் பின்னால் நிற்கிறவளை முன்னால் விட்டுவிடுவேன். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன், அதுவும் தனுவைத் தூக்கிக்கொண்டு, வெயிலில். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், வந்து அங்கேயே நிற்கும். நின்றால் உடம்பெல்லாம் வேர்க்கும். இப்போதும் வேர்க்கிறது. இப்போது ஏன் வேர்க்கிறது, நான் பேச வேண்டிய கூட்டமா இது, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லையே.

இன்ஜினியர் சார் வாசல் நிலைக்குக் கீழேயே நிற்கிறார், உள்ளே வரவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. புதுக் கட்டடத்தின் படத்தைத் தூக்கிக் காட்டினார், மூன்று மாடி, வெள்ளையும் நீலமும், படத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு மூஞ்சி இல்லை, பை மட்டும் இருக்கிறது. "ஒவ்வொரு மாடியிலயும் டாய்லெட்டும்மா. கதவு, தாழ்ப்பா, தண்ணி எல்லாம் உண்டு" என்றார். அந்தத் தாழ்ப்பாள் என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய் விழுந்தது. நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தேன், ஐந்து வருஷமும் காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு சரி. கதவு இல்லாத இடத்துக்கு ஒருத்தி போனால் இன்னொருத்தி முன்னால் பாவாடையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தனுவும் பாட்டிலில் கொடுத்த தண்ணீரை அப்படியே கொண்டுவருகிறாள். எனக்குக் கட்டடம் வேண்டும். சத்தியமாக வேண்டும். இந்தக் கூரை தனு தலைக்கு மேல் இன்னும் ஒரு மழைக்காலம் இருக்கக் கூடாது. இடிக்கட்டும், நாளைக்கே இடிக்கட்டும். ஆனால் அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "இடிச்சுக் கட்ட ரெண்டு வருசம். அதுவரைக்கும் பிள்ளைகளைச் சந்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூல்ல சேத்துக்குவாங்க. ரெண்டே வருசம்." அந்த 'ரெண்டே'வை அவர் லேசாகச் சொன்னார், கையில் தூசியைத் தட்டுகிற மாதிரி.

சந்தை ரோடு. இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நாலு தெரு தள்ளி. காய்கறி லாரி, வெளியூர் பஸ், நடுவில் இடுப்புயரச் சுவர், அதில் ஆள் தாண்டுவதற்காக ரெண்டு இடத்தில் உடைத்து வைத்திருக்கிறார்கள், உடைத்த இடத்தில் யார் நிற்பார்கள், லாரிக்காரனுக்கு அங்கே ஆள் நிற்பது தெரியாது. நான் ஐந்தாவது முடித்ததும் ஆறாவதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்குத்தான் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அம்மா என் கையைப் பிடித்து ரோட்டு ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நின்றோம். ஒரு பஸ் போனது. ஒரு கால் எடுத்து வைப்பார், பின்னால் இழுத்துக்கொள்வார். என் கை அவர் கைக்குள் நசுங்கியது, அம்மா கை அப்படி ஈரமாக இருந்து நான் பார்த்ததில்லை. லாரி, ஆட்டோ, லாரி. பக்கத்தில் நின்ற கொய்யாக்காரர், "போங்கம்மா, போங்க, இப்பப் போங்க" என்றார், அந்த 'இப்ப' வந்து வந்து போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, எனக்குக் கால் வலித்தது, கொய்யா வாசம் வந்தது. கடைசியில் அம்மா, "நாளைக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான் என் படிப்பு. யாரும் அடிக்கவில்லை, நிறுத்தவில்லை, படிக்கக் கூடாதென்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நாளைக்குப் போவோம், அவ்வளவுதான். அம்மாவுக்கு வலது கண் பாதி தெரியாது என்பது அதற்குப் பிறகு பத்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது, லாரி வருகிற பக்கத்துக் கண். அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொல்வார், யாரிடம் சொல்வார். எங்கள் வீட்டில் வாய் வராதது எனக்கு மட்டும் இல்லை. அந்தச் சான்றிதழ் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து நாலாகிவிட்டது, எந்தப் பள்ளியிலும் கொடுக்காத சான்றிதழ்.

எனக்கு ரெண்டு கண்ணும் தெரியும். தினமும் நானே தனுவைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரலாம். வரலாம்தான், எட்டரைக்குள் நான் தையல் கம்பெனியில் இல்லாவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அரைநாளில் விடுவார்கள், மற்ற நாள் சாயந்தரம் ஆறுக்குத்தான் திறப்பார்கள். இன்றைக்கே தலைவலி என்று சொல்லி அரைநாள் கேட்டு வந்திருக்கிறேன், அதைச் சொல்லவே கால் மணி நேரம் சூப்பர்வைசர் முன்னால் நின்றேன். தனு அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு விடிகாலை நாலு மணிக்கே போகிற ஆள். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "ரெண்டு வருசம்தான, விருதுநகர்ல எங்க அக்கா வீட்ல இருந்து படிக்கட்டும். அங்க ஸ்கூலு எதுத்தாப்லயே இருக்கு." ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அக்காவுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார். அந்த ஒத்தாசை எனக்குத் தெரியும். என் நாத்தனாருக்கு ரெட்டைப் பிள்ளைகள், எட்டு மாசம். எட்டு வயசுப் பிள்ளை இடுப்பில் ஒன்றும் தொட்டிலில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு படிக்கும். எதிர்த்தாற்போல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் நாளைக்குப் போவோம் என்று ஒரு நாள் வரும். நான் மோர் வேண்டுமா என்று கேட்டேன். ஏன் மோர் வேண்டுமா என்று கேட்டேன். ராத்திரி முழுக்க அந்த மோர் என்னைப் போட்டுப் புரட்டியது. தனு போனாள் என்றால் ஆறேழு நாற்பத்திரண்டு எனக்குக் கேட்காது. இப்போது கேட்கிறதா. வாய்ப்பாடு நின்றுவிட்டது. ஏன் நின்றது. பக்கத்து அறைக் கூரையிலும் விரிசல் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், கரும்பலகைக்கு மேலே தொடங்கி மின்விசிறி வரைக்கும். ஏதாவது சத்தம் கேட்டதா. இல்லை. யாரோ இருமுகிறார்கள். ஏழாம் வாய்ப்பாடு. சரி.

எஸ்தர் டீச்சர் தீர்மான நோட்டை எடுத்துவிட்டார், சிவப்புத் துணி முதுகு போட்ட நீள நோட்டு. "சார் முன்னால ஒரு தடவை வாசிச்சிருவோம். இது போன மாசக் கூட்டத்துலயே போட்ட தீர்மானந்தான்." போன மாதம் எந்தத் தீர்மானம், குழாய் ரிப்பேர் என்றல்லவா பேசினார்கள். வாசிக்கிறார். பள்ளிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவும், பணி முடியும் வரை அனைத்து மாணவர்களையும் சந்தை ரோட்டின் எதிர்ப்புறம் உள்ள பள்ளிக்கு மாற்றவும், பெற்றோர்கள் அனைவரும் ஒருமனதாகச் சம்மதித்து, தலைவி பாண்டிச்செல்வி முன்மொழிய. யார். என் பேர்தான். நான் எதையும் முன்மொழியவில்லையே, எனக்கு அந்தச் சொல்லே இப்போதுதான் காதில் விழுகிறது. நோட்டை இன்ஜினியர் சார் பார்த்தார், ஒருத்தர் கை மாறி ஒருத்தர் கையாக முன் பெஞ்சுக்கு, என் மடிக்கு வந்தது. என் கையெழுத்து. பாண்டிச்செல்வி, முழுசாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, 'ண்'ணுக்குப் புள்ளி பெரிதாக. எப்போதும் இப்படித்தான். மாதத்தில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட வருகிற நேரத்தில் டீச்சர் நோட்டை விரித்துக்கொண்டு வாசலில் நிற்பார், பக்கம் வெள்ளையாக இருக்கும், "கீழ போட்டுட்டுப் போங்கம்மா, மேல நான் எழுதிக்கிறேன்." எல்லாரும் போடுவோம். அதில் ஏமாற்று இல்லை, எங்களுக்கு உலை கொதிக்கும், அவருக்கு வேலை முடியும், அது ஒரு மரியாதை மாதிரித்தான் இருந்தது. மேலே என்ன எழுதினார் என்று அடுத்த மாதம் யார் திருப்பிப் பார்த்தார்கள். குழாய், சுண்ணாம்பு, விளையாட்டு விழா. போன மாதம் தனு என் கையைப் பிடித்து இழுத்ததில் என் பேர் கீழே விழாமல் பக்கத்தின் நடுவில் விழுந்துவிட்டது. மற்றவர்கள் கையெழுத்தெல்லாம் கீழே ஓரமாக இருக்கிறது, நான் மட்டும் நடுவில். டீச்சர் எழுதிக்கொண்டே வந்து என் பேர் வந்ததும் இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கி, பேருக்கு இந்தப் பக்கம் பாதி வரி, அந்தப் பக்கம் பாதி வரி என்று நெருக்கி எழுதியிருக்கிறார். 'அனைத்து மாணவர்களையும்' என்பதில் ஒரு கொம்பு என் 'செ'யின் மேல் ஏறி நிற்கிறது. மை காய்ந்த என் எழுத்தின்மேல் புது மை. ஐந்தாவது படித்த எனக்கே தெரிகிறது எது முதலில் எழுதியது என்று.

சொல்ல வேண்டும். என்ன சொல்வது. நான் போட்டபோது எழுத்து இல்லை என்றா, எல்லார் முன்னாலும், அந்த சார் முன்னாலும், எஸ்தர் டீச்சரையா. அவர் கெட்டவர் இல்லை. காரை விழுந்த அன்று அழுதவர், அவரே தென்னந்துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார், பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு. அந்த வாரமே உட்கார்ந்து இதை எழுதியிருப்பார், சீக்கிரம் போக வேண்டும் இது என்று. தனு உட்கார்ந்த பெஞ்சுக்காகத்தான் எழுதியிருப்பார். நான் என்ன செய்தேன், பெஞ்சைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இன்ஜினியர் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். "இந்த மாசக் கடைசிக்குள்ள பேப்பர் போகலைன்னா பணம் வேற வார்டு ஸ்கூலுக்குப் போயிரும்மா. அப்புறம் இந்தக் கூரை இப்படியேதான் கிடக்கும். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார், இல்லை, எல்லாரையும் பார்த்து. நான் வாயைத் திறந்தால் கட்டடம் வராது, கட்டடம் வராவிட்டால் கம்பி, திங்கட்கிழமை, ஐந்து நிமிஷம். நான் வாயைத் திறக்காவிட்டால் லாரி, உடைத்த சுவர், விருதுநகர். எந்தப் பக்கம் கால் எடுத்து வைத்தாலும் வண்டி வருகிறது. அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். என் கையைப் பார்க்கிறேன், நோட்டின் ஓரத்தில் ஈரம் படிந்திருக்கிறது. அம்மா கை. "எல்லாருக்கும் சம்மதம்தானம்மா?" என்று அவர் கேட்கிறார். யாரும் பேசவில்லை, பேசாதிருந்தால் சம்மதம் என்று எல்லாருக்கும் தெரியும். கைப்பிள்ளை ஒன்று சிணுங்குகிறது. டீச்சர் நோட்டை வாங்கக் கையை நீட்டுகிறார். பஸ் என் ஸ்டாப்பில் நின்றுவிட்டது, கிளம்பப்போகிறது, விசில் ஊதப்போகிறார்கள், இறங்கணும், இறங்கணும்.

"ரோடு" என்றேன்.

என் குரல் மாதிரி இல்லை, தொண்டையில் சளி இருக்கிற யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. "என்ன செல்வி?" என்றார் டீச்சர். அடுத்த வார்த்தை வரவில்லை. காதுக்குள் அந்தத் தண்ணீர்ச் சத்தம். "ரோடு டீச்சர்" என்றேன் மறுபடியும். இன்ஜினியர் சார், "ரோட்டுக்கு என்னம்மா, அது வேற டிப்பார்ட்மெண்டு" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பிடித்து எழுப்பிய மாதிரி எழுந்துவிட்டேன், நோட்டும் கையோடு வந்துவிட்டது. "நான் ஆறாவது போகலை டீச்சர். அந்த ரோட்டத் தாண்டணும்னு போகலை. எங்க கூட அஞ்சாவது முடிச்ச பொம்பளப் பிள்ளைங்க பதினோரு பேரு. நாலு பேருதான் தாண்டுனாங்க." பதினோரு பேர், நான் எண்ணி வைத்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "கட்டடம் வேணும். எனக்கு வேணும். ஆனா இது," நோட்டைக் காட்டினேன், "நான் போட்டப்ப இதுல எழுத்து இல்லை."

டீச்சருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னச் சிலுவையைப் பார்த்தேன், அது ஏறி இறங்கியது. முடிந்தது, தனுவைப் பெயிலாக்கிவிடுவார், இல்லை, மூன்றாவதில் பெயில் கிடையாது, என்ன நினைக்கிறேன் நான். அதற்குள் நாகஜோதி அக்காவுடைய குரல், "எழுத்து எங்களுக்கும்தான் இல்லை. தண்ணித்தொட்டிப் பக்கத்துல சமுதாயக் கூடம் பூட்டித்தான கெடக்கு சார்? ரோட்டுக்கு இந்தப் பக்கம். ரெண்டு வருசம் பிள்ளைக அங்க உக்காந்தா கூடம் என்ன தேஞ்சா போயிரும்?" இன்ஜினியர் சார், "அதுக்கெல்லாம் மேல கேட்டு எழுதணும்மா" என்றார். "அப்பக் கேட்டு எழுதுங்க. கேக்க வந்தவருதான நீங்க" என்றார் அக்கா. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, "மழை பேஞ்சா அந்த ரோட்டுல முழங்காத் தண்ணி நிக்குது சார்" என்றாள். பிறகு எல்லாரும் பேசினார்கள். நான் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. சார் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் யாரிடமோ பேசினார், சரிங்க, சரிங்க என்றார், திரும்பி வந்து, "நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது. வேணும்னா கட்டடத்துக்குச் சம்மதம், பிள்ளைங்களுக்கு இடம் ரோட்டுக்கு இந்தப் பக்கமே வேணும், கூடத்தைக் கேக்குறோம்னு தனியா ஒரு தீர்மானம் போட்டுக் குடுங்க. அதைச் சேத்து அனுப்புறேன். சீக்கிரம், எனக்கு இன்னும் ரெண்டு ஸ்கூல் இருக்கு" என்றார்.

மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் கூட்டம் வராந்தாவில் இரைந்துகொண்டு போகிறது, தனு வாசலில் தலையை நீட்டி, "அம்மா, என் பெஞ்சு" என்கிறாள். "உள்ள வராத, அங்கயே நில்லு" என்று கத்திவிட்டேன், நான்தான், இவ்வளவு சத்தமாக. எஸ்தர் டீச்சர் என் மடியிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார், வெள்ளைப் பக்கம், இன்னும் யாரும் தொடாதது, நடுமடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு பேனாவைத் திருப்பி, முள் என் பக்கம் வராமல், மரியாதையாக, எப்போதும் கொடுக்கிற மாதிரியே நீட்டினார். "கீழ போட்டுரு செல்வி. சாருக்கு நேரமாச்சு, பிள்ளை வேற நிக்குது. மேல நான் எழுதிக்கிறேன்." குரலில் கோபம் இல்லை. பழக்கம்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமாக இருந்தால் அவரைச் சமாதானப்படுத்தவாவது பேனாவை வாங்கியிருப்பேன். வாசலில் தனு ஒற்றைக் காலில் நிற்கிறாள். தையல் கம்பெனி, தனு அப்பா, ரசம், மோர் வேண்டுமா, நாளைக்குப் போவோம். மேலே கம்பியிலிருந்து ஒரு சொட்டு கழன்று வெள்ளைப் பக்கத்தின் ஓரத்தில் விழுந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தேன், தாள் கிழியாமல். பேனாவை வாங்கவில்லை.

"நீங்க எழுதுங்க டீச்சர்" என்றேன். "நான் இருக்கேன்."